கிளாசிக் 350-க்குப் பட்டன் டயர்: எது பொருந்தும், எது உரசும்

2021 செப்டம்பரில் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் டயர் அளவு முன்னால் 100/90-19, பின்னால் 120/80-18. மண் ரோட்டுக்கு டயர் தேடுகிறவருக்கு இந்த இரண்டு எண்களுமே அதிர்ஷ்டம்தான். அதே கம்பெனியின் ஸ்கிராம் 411-ன் முன் டயர் இதே 100/90-19. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ன் பின் டயர் இதே 120/80-18. இரண்டுமே மண்ணிலும் ஓடட்டும் என்று யோசித்துச் செய்த வண்டிகள். அதனால் ரிம்மைத் தொடாமல், ஒரு ஸ்போக் கம்பியைக்கூடத் தளர்த்தாமல், தார் ரோட்டுக்காகவே பிறந்த கிளாசிக்குக்கு முன்னும் பின்னும் பட்டன் டயர் (தடத்தில் கட்டை கட்டையாக ரப்பர் துருத்தி நிற்கும் டயர்) போட்டுவிடலாம். இதற்கு முந்தைய, யூசிஇ என்ற பழைய இன்ஜின் வைத்த கிளாசிக்குக்கு முன் டயர் 90/90-19. அந்த வண்டிக்கு இங்கே சொல்லும் கணக்கு அப்படியே ஒத்துவராது.

இதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் உண்டு: முன்னால், என்ஃபீல்டின் மலைப் பயண வண்டியான ஹிமாலயன் மாதிரி 21 அங்குலச் சக்கரம். அதையும் பிறகு பார்ப்போம். தீர்ப்பை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். டயர் மாற்றம் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. சக்கர மாற்றம் இந்த வண்டிக்குத் தண்டம்.

கடையில் எதைக் கேட்பது

"பட்டன் டயர்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துப் போடுவார். அந்தப் பெயருக்குள் மூன்று வேறு சரக்கு இருக்கிறது. முதலாவது, பெரிய கட்டைகள், நடுவில் குறுகிய பள்ளங்கள். பெரும்பாலும் தார், கொஞ்சம் மண். ஹிமாலயன் 411-ல் கம்பெனியே போட்டுக் கொடுத்த சியட் கிரிப் எக்ஸ்எல் இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, தாருக்கும் மண்ணுக்கும் பாதிப் பாதி. கட்டைகள் சிறியவை, பள்ளம் அகலம், ஆழமும் கூடுதல். மூன்றாவது, மோட்டோகிராஸ் டயர். தனித்தனிக் குமிழ்கள், இடையில் விரலே நுழையும். பல மோட்டோகிராஸ் டயர்களின் பக்கவாட்டிலேயே நெடுஞ்சாலைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். படத்தில் மூன்றாவதுதான் அழகு. தினமும் ஆபீஸுக்கும் மாதம் ஒருமுறை மலைக்கும் போகிற கிளாசிக்குக்கு முதல் வகை போதும். வீட்டுக்குப் போகும் வழியே மண்ரோடு என்றால் இரண்டாவது.

பக்கவாட்டு எழுத்தில் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். கிளாசிக்கின் சொந்த டயரில் முன்னால் 57 பி, பின்னால் 62 பி. 57 என்றால் 230 கிலோ, 62 என்றால் 265 கிலோ தாங்கும். பி என்ற எழுத்து மணிக்கு 150 கி.மீ. வரை என்று பொருள். வண்டி 195 கிலோ. இரண்டு பேர், ஒரு பை என்று வைத்தால் மொத்தம் 350-ஐத் தாண்டும். அதில் பெரும்பங்கு பின் சக்கரத்தில் உட்காருவதால் பின் டயரின் எண் 62-க்குக் கீழே போகவே கூடாது. எக்ஸ்பல்ஸ் கிளாசிக்கைவிட நிறைய கிலோ குறைந்த வண்டி. அதற்கென்றே விற்கும் டயரை வாங்கும்போது இந்த எண்ணை ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். சில குமிழ் டயர்களில் வேக எழுத்து எம், அதாவது 130. கிளாசிக்குக்கு அதுவும் போதும். ஜே என்றிருந்தால் 100 கி.மீ.தான், பைபாஸில் ஓட்டுகிறவருக்கு ஆகாது.

தயாரித்த தேதியும் பக்கவாட்டில்தான் இருக்கும். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். பட்டன் டயர் எல்லா ஊரிலும் வேகமாக விற்கிற சரக்கு இல்லை. கடையின் மேல்தட்டில் இரண்டு மூன்று வருடம் வெயில் காய்ந்துகொண்டிருந்த டயரைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள். ரப்பர் இறுகிப்போன பட்டன் டயர், ஈரத் தாரில் மொட்டை டயரைவிட மோசம்.

முன்னும் பின்னும் ஒரே குடும்பத்து டயராக வாங்குவது நல்லது. முன்னால் தார் டயரும் பின்னால் பட்டனும் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. மேடேற அது உதவும். இறங்கும்போது பிரேக் போட வேண்டியது முன் சக்கரம், அதற்குத்தான் பிடி இல்லாமல் போகும். ஒன்றை மட்டும் மாற்றக் காசு இருந்தால் முன்னதை மாற்றுங்கள்.

ஸ்போக் ரிம் வைத்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: டயரில் ட்யூப்லெஸ் என்று போட்டிருக்கிறதே, ஏற்றலாமா? ஏற்றலாம், உள்ளே ட்யூப் போட்டு. பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் ஓரம்) கெட்டியாக இருப்பதால் மெக்கானிக் கொஞ்சம் திட்டுவார், அவ்வளவுதான். டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சிலவற்றில் மெல்லிய வரிகளும் பேப்பர் ஸ்டிக்கரும் இருக்கும். ஸ்டிக்கரை உரித்துவிட்டு டால்கம் பவுடரைத் தாராளமாகத் தூவ வேண்டும். இல்லையென்றால் ட்யூப் அங்கேயே தேய்ந்து தேய்ந்து, ஆணியே ஏறாமல் பஞ்சர் ஆகும். இதற்கு நேர்மாறாக, ட்யூப் வகை டயரை அலாய் ரிம்மில் ட்யூப் இல்லாமல் ஏற்றவே கூடாது.

இந்திய நிறுவனங்களின் ஜோடி பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். இறக்குமதி டயர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிளாசிக்கின் வேகத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் அந்தக் கூடுதல் காசு எங்கே வேலை செய்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். போகிற போக்கில் ஒன்று: என்ஃபீல்டின் பழைய தொழிற்சாலையும் எம்ஆர்எஃப் பலூன் செய்துகொண்டிருந்த கொட்டகையும் இருந்தது ஒரே திருவொற்றியூரில்தான். வண்டிக்கும் டயருக்கும் ஒரே ஊர்த் தண்ணி.

மண்ணில் எப்படி

செம்மண் ரோடு, காய்ந்து இறுகியது, மேலே பொடிக்கல் தூவியது போலக் கிடக்கும். கிளாசிக்கின் சொந்த டயர் இங்கே தடுமாறுவது வளைவில்தான். பட்டன் டயரில் கட்டையின் ஓரம் பொடிக்கல்லைத் தள்ளிவிட்டு அடித்தரையைப் பிடிக்கிறது. ஹேண்டில்பாரில் தெரியும் அந்த லேசான நடுக்கம் பாதியாகக் குறையும். ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டாத ரோட்டிலும் இதே கதை. மாற்றத்துக்குச் செலவழித்த காசு திரும்பி வருவது இந்த இரண்டு இடத்தில்.

மணல் வேறு. தூத்துக்குடிப் பக்கம் தேரியை ஒட்டிய பாதைகள் மாதிரி, சக்கரம் நாலு விரல் புதைகிற செம்மணலில் டயர் எதுவானாலும் 195 கிலோ 195 கிலோதான். முன் சக்கரம் ஏர் மாதிரி உழும். காற்றைக் குறைத்து, எடையைப் பின்னால் தள்ளி, ஆக்சிலரேட்டரை விடாமல் போனால் கடக்கலாம். பட்டன் டயர் இருக்கிறது என்ற தைரியத்தில் மெதுவாக இறங்கினால் நடுவில் நின்றுபோகும்.

கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு எந்த டயருக்கும் மார்க் போட முடியாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது அடியில் பட்டன்களுக்கு இடையே மண் அடைத்து டயர் வழவழவென்று மொட்டையாகிவிடும். அடுத்த ஐம்பது அடியில் மட்கார்டுக்குள் அப்பி, சக்கரமே சுற்றாது. கிளாசிக்கின் முன் மட்கார்டு ஆழமான தகரம், டயரை நெருக்கிக் கவிழ்ந்திருக்கும். மண் வெளியே வர வழியில்லை. குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியதுதான். மோட்டோகிராஸ் வண்டிகளில் முன் மட்கார்டைச் சக்கரத்துக்கு ஒரு முழம் மேலே தூக்கி வைத்திருப்பதன் காரணம் அழகு இல்லை, இதுதான்.

தாரில் என்ன போகும்

இழப்பு உண்டு, மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஈரத் தாரில், முக்கியமாகப் பெயிண்ட் கோட்டின் மேலும் பாலத்து இரும்பு இணைப்பின் மேலும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்பைவிடச் சீக்கிரமே லீவரில் துடிப்பதை வைத்து அதைக் கண்டுகொள்ளலாம். வளைவில் சாய்க்கும்போது கட்டைகள் ஒரு நூல் வளைந்துகொடுத்து அப்புறம்தான் பிடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் முழுக்கத் தார். அங்கே சொந்த டயர்தான் சுகம், பட்டன் டயரில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு கணம் யோசிக்கும்.

60-க்கு மேல் ஒரு ஊதல் கேட்கும். 80-ல் அது இன்ஜின் சத்தத்தோடு கலந்துவிடும். பாதிப் பாதி வகையில் இது இன்னும் சத்தம். முன் டயரில் ஐந்தாறாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு கட்டைகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகும். பிரேக் அழுத்தம் எப்போதும் கட்டையின் ஒரே ஓரத்தில் விழுவதால் வருவது அது. டயர் கோளாறு என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். காற்றைக் குறைவாக வைத்து ஓட்டினால் இது சீக்கிரமே வரும். பின் டயர் 8,000 முதல் 10,000 கி.மீ. வந்தால் திருப்திப்படலாம், சொந்த டயர் தந்த ஆயுளை இதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புது டயர் ஏற்றிய முதல் 150, 200 கி.மீ. மெதுவாக. அச்சிலிருந்து வந்த வழவழப்பு மேலே ஒட்டியிருக்கும். கடை வாசலிலேயே வளைத்துத் திருப்பி விழுகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள்.

ஏற்றும் வேலை

மிஷின் இருக்கும் கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கையால் ஏற்றும் பஞ்சர் கடை என்றால் இன்னும் கவனமாக.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டைத் தளர்த்தும் முன் செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலை உருவும்போது இரண்டு பக்கமும் ஸ்பேசர் விழும். இரண்டும் ஒரே நீளமில்லை. எது இடது எது வலது என்று குறித்துவைக்காமல் மாற்றிப் போட்டால் டிஸ்க் கேலிப்பரில் உரசும். டிஸ்க் வெளியே வந்த பிறகு யாரும் பிரேக் பெடலை மிதித்துவிடக் கூடாது. பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகிவைத்தால் நிம்மதி. சக்கரத்தைத் தரையில் போடும்போது டிஸ்க் மேல்பக்கமாக இருக்கட்டும். டிஸ்க்கோடு ஒட்டி ஓட்டை ஓட்டையாக மெல்லிய வளையம் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஏபிஎஸ் சென்சார் படிப்பது. டயர் லீவர் அதன் மேல் ஒரு முறை சாய்ந்தால் போதும், வளையம் நெளியும், மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாது.

பழைய டயரைக் கழற்றியதும் ரிம் டேப்பைப் பாருங்கள். அதன் அடியில் நிப்பிளுக்கு (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) வெளியே ஏதாவது ஸ்போக் முனை துருத்திக்கொண்டிருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிட்டுப் புது டேப் போட வேண்டும். ட்யூபும் புதிதுதான். பழைய ட்யூப் ஏற்கெனவே விரிந்து பெரிதாகியிருக்கும். புது டயருக்குள் மடிந்து உட்காரும். மடிப்பு இருக்கும் இடத்தில்தான் முதல் ஓட்டை விழும். ட்யூப் டப்பாவில் உங்கள் டயரின் அளவே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து அளவை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

டயரில் அம்புக்குறி இருக்கும். சில இரட்டைப் பயன் டயர்களில் முன் சக்கரத்துக்கு ஒரு திசை, பின் சக்கரத்துக்கு எதிர்த்திசை என்று இரண்டு அம்பு. அவசரத்தில் இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, மண்ணில் பிடியே இல்லை என்று டயரைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும். டயரின் எடை குறைந்த பக்கம் அது; வால்வின் எடை அதைச் சரிக்கட்டும்.

ஏற்றும்போது லீவருக்கு வலு தேவைப்படுகிறது என்றாலே எங்கோ தப்பு. எதிர்ப்பக்கத்தில் பீட் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கவில்லை. முட்டிபோட்டு அதை உள்ளே தள்ளினால் இந்தப் பக்கம் தானே இளகும். சோப்புத் தண்ணி தாராளமாக. கடைசி ஒரு சாண் பீட் வால்வுக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். முடித்ததும் வால்வை விரலால் உள்ளே ஒருமுறை அழுத்தி விட்டால் பீட்டுக்கு அடியில் சிக்கிய ட்யூப் விடுபடும். ட்யூப் கிழிவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சாணில்தான்; ஏற்றி முடித்து, சக்கரம் மாட்டி, காற்றடித்த பிறகுதான் தெரியும்.

காற்றை 40 பிஎஸ்ஐ வரை ஏற்றி, டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வரியைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரம் இருந்தால் பீட் உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் வரி உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி விட்டு, திரும்ப. இதைப் பார்க்காமல் விட்ட சக்கரம் 50 கி.மீ. வேகத்தில் துள்ளும், ஆளாளுக்கு ஃபோர்க் பேரிங் என்பார்கள், ஸ்போக் என்பார்கள். பிறகு காற்றை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறக்குங்கள்.

வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்க வேண்டாம். மேலே ஏற்றி, வால்வு மூடிக்கு அடியில் நிறுத்திவையுங்கள். காற்று குறைவாக ஓடும்போது டயர் ரிம்மில் நகர்ந்தால் ட்யூபையும் இழுத்துப்போகும், வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கியிருந்தால் வால்வு சாயாது, அடியோடு பிய்ந்துவிடும்.

மண்ணுக்காகக் காற்றைக் குறைப்பது நல்லதுதான், மேனுவல் அளவிலிருந்து 4, 5 பிஎஸ்ஐ. ரிம் லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) இல்லாத ட்யூப் சக்கரத்தில் பின்னால் 18-க்குக் கீழே இறங்க வேண்டாம். கல்லில் அடிபட்டால் ரிம் ட்யூபைக் கடித்து, பக்கம் பக்கமாக இரண்டு கீறல் விழும். ஒட்டுப் போடக்கூடப் பிரயோஜனம் இல்லாத கீறல் அது. குறைத்தால் ஏற்றவும் வழி வேண்டும்; பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் பையில் இல்லாதவர் காற்றைத் தொடவே வேண்டாம்.

இடைவெளி

ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் பட்டன் டயர் நிஜத்தில் சில மில்லிமீட்டர் உயரமாகவே வரும், பக்கக் கட்டைகள் வெளியே நீட்டியிருக்கும். ஏற்றி முடித்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றி மூன்று இடம் பாருங்கள். முன் மட்கார்டின் உட்பக்கம், அதைப் பிடிக்கும் போல்ட் தலைகள். பின்னால் செயின் கவர். அப்புறம் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் குறுக்குச் சட்டம். செயின் புதிதாக இருந்து சக்கரம் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால் இங்கேதான் நெருக்கம். சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தால் போதும். நுழையவில்லை என்றால் அந்த டயர் உங்கள் வண்டிக்கு இல்லை.

120/80-க்குப் பதிலாக 120/90-18 கிடைக்கிறது என்று கடையில் நீட்டுவார்கள். கணக்குப் பார்த்தால் 120/80-18-ன் விட்டம் 649 மி.மீ., 120/90-18-ன் விட்டம் 673. பின்பக்கம் 12 மி.மீ. தூக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரம் தரையைத் தொடும் நிலைக்கு வரும், சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும், மேல் கியரில் போவது போல இழுவை குறையும். ஏற்கெனவே 20 குதிரைசக்திதான். வேண்டாம்.

21 அங்குல ஆசை

ஹிமாலயனின் 90/90-21 விட்டம் 695 மி.மீ. கிளாசிக்கின் 100/90-19 விட்டம் 663. முன்பக்கம் 16 மி.மீ. உயரும். கல்லையும் குழியையும் பெரிய வட்டம் சுலபமாகத் தாண்டும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் பிரச்சினை.

முழு ஹிமாலயன் சக்கரத்தை வாங்கி மாட்டுவதைவிட, கிளாசிக்கின் ஹப்பை வைத்துக்கொண்டு 21 அங்குல ரிம்மில் புதிதாக ஸ்போக் கோர்ப்பது பாதுகாப்பான வழி. டிஸ்க், ஏபிஎஸ் வளையம், பேரிங், ஆக்சில் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் ரிம்மின் துளை எண்ணிக்கை ஹப்போடு ஒத்துப்போக வேண்டும். அதைவிட முக்கியம், துளை எந்தக் கோணத்தில் குத்தியிருக்கிறது என்பது. வேறு ஹப்புக்காகக் குத்திய ரிம் என்றால் நிப்பிள் ஒரு பக்கம் பார்க்கும், கம்பி வேறு பக்கம் போகும்; நிப்பிளின் கழுத்தில் கம்பி வளைந்து நிற்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டரில் ஒவ்வொன்றாக அங்கேயே உடையும். கம்பியின் நீளம் ஏறத்தாழ 25 மி.மீ. கூட வேண்டும், தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது. பத்து கேஜ் கம்பி 3.25 மி.மீ., ஒன்பது கேஜ் 3.66.

பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன் டிஸ்க் முகத்தின் மேல் ஒரு நேர்க்கட்டையை வைத்து ரிம் ஓரம் வரை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். இதைத்தான் கோர்ப்பவர்கள் ஆஃப்செட் என்கிறார்கள். புது ரிம் அகலம் குறைவு என்பதால் இரண்டு ரிம்மின் அகல வித்தியாசத்தில் பாதியைக் கணக்கில் சேர்த்தால்தான் சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நிற்கும். இது தெரியாமல் கோர்த்த வண்டி கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கும். கோட்டம் எடுத்து முடிக்கும்போது ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டினால் டிங் என்று ஒரே ஸ்வரத்தில் கேட்க வேண்டும். எங்கே டப் என்கிறதோ அது தளர்வு. 200 கி.மீ. ஓடியதும் திரும்ப எடுத்துப்போக வேண்டும், புதுக் கம்பிகள் உட்கார்ந்து இளகியிருக்கும். இவ்வளவும் தெரிந்த கைகள் மாவட்டத்துக்கு ஒன்றிரண்டுதான். பழைய சைக்கிள் கடைப் பெரியவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் அடுத்த வரிசை காத்திருக்கிறது. 21 அங்குலம் கிளாசிக்கின் தகர மட்கார்டுக்குள் அடங்காது. மட்கார்டு மாற்ற வேண்டும், அதோடு வண்டியின் முகமே போய்விடும். முன் சக்கரம் சுமார் 5 சதவீதம் பெரிது என்பதால் அதே வேகத்தில் குறைவாகச் சுற்றும். முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஏபிஎஸ் மூளைக்கு இது குழப்பம், விளக்கு எரியலாம். ஹேண்டில் மந்தமாகும், முன் டயர் குறுகலானதால் தாரில் பிரேக் பிடியும் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் கிளாசிக்கின் பின் ஷாக்குக்கு அசைவு 90 மி.மீ.தான். முன் ஃபோர்க் 130. தரை இடைவெளி 170. முன் சக்கரம் ஏறித் தாண்டிய அதே கல்லில் பின் சக்கரம் இடுப்பில் குத்தும், கீழே சட்டம் தட்டும். ராயல் என்ஃபீல்டே இன்டர்செப்டரைப் பேர் 650 ஆக்கியபோது 18 அங்குலச் சக்கரங்களை 19-க்கும் 17-க்கும் மாற்றியதோடு நிற்கவில்லை. முன் ஃபோர்க்கையே வேறாக்கியது, பின் ஷாக்கின் அசைவைக் கூட்டியது, சீட்டை உயர்த்தியது. முன்னால் 21 கூடப் போடவில்லை, 19-ல் நிறுத்திக்கொண்டது. கிளாசிக்கிடம் ஏற்கெனவே 19 இருக்கிறது.

கடைசியாக, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி பதிவு செய்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஒரே அளவில் வேறு தடம் உள்ள டயர் இதில் சிக்காது. ரிம் அளவே மாறினால் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் அளவுநாடாவோடு வரும்போது பேச்சு வேறு மாதிரி போகும்.

ட்யூப்லெஸ் ஆக்கலாமா

ஸ்போக் ரிம்மின் உட்பக்கத்தில் நிப்பிள்களை டேப்போ பசையோ வைத்து அடைத்து ட்யூப் இல்லாமல் ஓட்டும் வேலை இப்போது பல ஊரில் நடக்கிறது. காற்று நிற்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ரிம்மின் உள்ளே பீட் உட்காரும் இடத்துக்கு அடுத்து ஒரு சின்ன மேடு இருக்கிறதா என்பது. ட்யூப்லெஸ் ரிம்மில் அது உண்டு. காற்று இறங்கினாலும் பீட்டை நடுப்பள்ளத்துக்குள் நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். ட்யூப் வகை ரிம்மில் அது இல்லை என்றால், ஓடும்போது காற்று இறங்கிய கணமே டயர் ரிம்மை விட்டு இறங்கும். முன் சக்கரத்தில் அப்படி ஆனால் தப்பிக்க நேரமில்லை.

ட்யூப்லெஸ் வேண்டுமென்றால் கிளாசிக்கிலேயே அலாய் சக்கரத்தோடு வரும் டார்க் வகை இருக்கிறது. மண் ரோட்டுக்கு ஸ்போக்தான் என்று வேதம் மாதிரிச் சொல்வார்கள். 40 கி.மீ. வேகத்தில் ஜல்லி ரோட்டில் போகிற ஆளுக்கு, பாறையில் மோதி அலாய் விரியும் ஆபத்தைவிட ஆணி ஏறும் ஆபத்துதான் அன்றாடம். அலாயில் அது திரி செருகி ஐந்து நிமிட வேலை. ஸ்போக்கில் சக்கரம் கழற்றி ஒரு மணி நேரம். அலாய் கிளாசிக்கும் முதல் வகைப் பட்டன் டயரும்தான் இந்த விஷயத்தில் எங்கள் தேர்வு. பாறை அதிகமான பாதை என்றால் மட்டும் ஸ்போக்.

இன்னொரு குறை டயரால் தீராதது: கிளாசிக்கில் ஏபிஎஸ்ஸை அணைக்க வழியில்லை. பொடிக்கல் இறக்கத்தில் முன் பிரேக் பிடித்தால் அது விட்டு விட்டுப் பிடித்து வண்டியை நீளத்துக்குக் கொண்டுபோகும். பட்டன் டயர் இதைக் கொஞ்சம் குறைக்கிறது, போக்கவில்லை. ஃபியூஸைப் பிடுங்குகிற வைத்தியம் ஊரில் உண்டு. திரும்பத் தாருக்கு வந்ததும் அதை மாட்ட மறந்த அன்றுதான் நாய் குறுக்கே வரும். முதல் கியர், இன்ஜின் பிரேக், பின் பிரேக்கில் லேசாகக் கால்: இறக்கத்துக்கு அதுவே போதும்.

கழற்றிய சொந்த டயரைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். தடத்தின் ஆழம் இரு சக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் 0.8 மி.மீ.க்கு வெகு மேலே இருந்தால், துடைத்து, வெயில் படாத இடத்தில் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். தென்மேற்கு மழை தொடங்கும் மாதத்தில் அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கூலி போக வேறு செலவு இல்லை. புது ரிம் டேப் மட்டும் வாங்கி வையுங்கள்.